பவளமல்லிக்கு என்ன ஆச்சு? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கலாம்

மூன்று சென்ட், நான்கு சென்ட் மனையில் வீடு கட்டிவிட்டு, வாசலில் ஒரு பூமரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பவளமல்லியைத்தான். மல்லிகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் போக்கில் விட்டால் முப்பது அடி வரை போகும். வருஷம் ஒரு தடவை கவாத்து செய்தால் பத்தடிக்குள் அடங்கி நிற்கும். ஆவணியில் ஆரம்பித்து மார்கழி வரை, இருட்டும் நேரத்தில் பூத்து விடியும்போது முற்றம் நிறையக் கொட்டும். தரையில் விழுந்த பூவைப் பொறுக்கிச் சாமிக்கு வைப்பது மற்றப் பூக்களில் பெரும்பாலும் வழக்கமில்லை, இதற்கு உண்டு.

ஆனால் வைத்து இரண்டு மூன்று வருஷத்தில் புகார் வர ஆரம்பிக்கும். இலை பழுக்கிறது, பூக்கவில்லை, கம்பளிப்பூச்சியால் வாசலில் நிற்க முடியவில்லை என்பார்கள். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் மரத்தில் எது தெரிகிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன்பு எல்லோரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உரக்கடைக்கு ஓடாதீர்கள். மம்பட்டியை எடுத்து, தூரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். உருண்டையாகி விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்து தூசி பறந்தால் ஈரமே இறங்கவில்லை. சாக்கடை வாடை அடித்தால் வேர் அழுக ஆரம்பித்துவிட்டது. இலையில் தெரிகிற கோளாறில் பெரும்பகுதிக்கு விடை இந்த ஒரு பிடி மண்ணிலேயே கிடைத்துவிடும். மருந்து அடித்துக் காசைக் கரைத்த பிறகு தூரைத் தோண்டிப் பார்ப்பவர்கள்தான் நிறையப் பேர், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இலை மொத்தமாக மஞ்சளாகிக் கொட்டுகிறது

முதலில் மாதத்தைப் பாருங்கள். மாசி, பங்குனி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கோடைக்கு முன் பவளமல்லி இலை உதிர்ப்பது அதன் இயல்பு. சில மரங்கள் வெறும் குச்சியாகவே நிற்கும். பட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சிறு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. அந்தச் சமயத்தில் பாவம் என்று தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் கெடுதல். இலை இல்லாத மரம் அவ்வளவு தண்ணீரைக் குடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுத்தால் சங்கதி வேறு. இந்த மரத்துக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது. நம் நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துப் புது வீடுகளில் சுற்றிலும் சிமெண்டுத் தளம் போட்டு, மரத்துக்கு மட்டும் இரண்டடிச் சதுரத்தில் குழி விட்டிருப்பார்கள். மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் முழுவதும் அந்தக் குழியில்தான் வந்து இறங்கும். செம்மண் என்றால் ஒருநாளில் வடிந்துவிடும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் போல் கரிசல் என்றால் வாரக்கணக்கில் நிற்கும். தளத்தில் ஒரு ஓரமாக வாய்க்கால் கீறித் தண்ணீரை வெளியே திருப்புங்கள். தூரைச் சுற்றிக் குழியாக இருப்பதை மண் போட்டு மேடாக்குங்கள். ஆனால் அந்த மண் தண்டின் பட்டையை மூடக் கூடாது, நாலு விரற்கடை விட்டு அணையுங்கள். மழை நின்ற பிறகு கடப்பாரையால் அங்கங்கே குத்தி விட்டால் வேருக்குக் காற்றோட்டம் கிடைக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரை மீறி ஆற்றோரத் தெருக்களுக்குள் வந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற மரத்துக்குத் தண்ணீர் வடிந்த பிறகும் ஆபத்து போகாது. தூரில் படிகிற வண்டல் காய்ந்து ஓடு மாதிரி இறுகி, வேரை மூச்சு விடவிடாது. வண்டல் நல்ல உரம்தானே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. தண்டை ஒட்டியதை வழித்து எடுத்து, மற்ற இடத்தில் இறுகிய வண்டலை உடைத்துக் கிளறி விடுங்கள். புதுத் துளிர் வரும் வரை உரம் எதுவும் வேண்டாம். அடிபட்ட வேரால் உரத்தைத் தாங்க முடியாது.

கீழ் இலைகள் மட்டும் சீராக வெளுத்து, மேல் இலைகள் பச்சையாக இருந்தால் சத்துக் குறைவு. நன்றாக மக்கிய சாணமோ ஆட்டுப்புழுக்கையோ இரண்டு சட்டி தூரைச் சுற்றிப் போட்டுக் கொத்தி விட்டால் போதும்.

புது இலை வெளுத்திருக்கிறது, நரம்பு மட்டும் பச்சை

இது இரும்புச் சத்து கிடைக்காத அடையாளம். மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு மிகுந்தால் வேரால் அதை எடுக்க முடியாது. சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த கரிசலில் இது சகஜம். புது வீட்டு மனையிலும் இதே கதைதான். கட்டட வேலை முடிந்ததும் மிச்சமான காரை, உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி எல்லாவற்றையும் காம்பவுண்டு சுவர் ஓரம் தள்ளி, மேலே ஒரு லோடு செம்மண் அடித்துவிடுவார்கள். பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும். ஒரு அடி தோண்டினால் மம்பட்டியில் ணங்கென்று படும். சந்தேகம் இருந்தால் அந்த ஆழத்து மண்ணில் ஒரு கட்டியை எடுத்து வினிகர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துக் கொண்டு வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்). ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு. கரைத்து, வடிகட்டி, சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. சுவரில் பட்டால் துருக்கறை விழும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் காரை உள்ளே இருக்கும் வரை அடுத்த துளிரும் வெளுத்துத்தான் வரும். ஒவ்வொரு வருஷமும் மரத்தைச் சுற்றி ஒரு பக்கமாகத் தோண்டி, கட்டடக் கழிவைப் பொறுக்கி எறிந்து, நல்ல மண்ணும் தொழுவுரமும் நிரப்புங்கள். ஒரே சமயத்தில் சுற்றிலும் தோண்டினால் வேர் அறுந்து மரம் தொய்ந்துவிடும்.

இலை ஓரம் கருகிச் சுருளுகிறது

போர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் காரணம் அதுதான். ராதாபுரம், திசையன்விளை, உடன்குடிப் பக்கத்தில் ஆழம் போகப் போக உப்பு ஏறும் போர்கள் உண்டு. இன்னொரு காரணத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று குழாயை நேராக மரத்தடியில் விட்டிருப்பார்கள். மிஷின் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, அதைத் தாராளமாக மரத்துக்குத் திருப்பலாம்.

உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் தினமும் ஒரு செம்பு தெளிப்பதை விட்டுவிடுங்கள். தினம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போய், உப்பு மேல்மண்ணிலேயே சேரும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை வேர் வரை இறங்கும்படி முழுசாக ஊற்றுங்கள். தென்னை ஓலை, காய்ந்த சருகு எதையாவது மூடாக்காகப் போடுங்கள். மாநகராட்சிக் குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு வாளி மரத்துக்கு ஒதுக்கினால், சேர்ந்த உப்பு கீழே இறங்கும்.

பூக்கவே இல்லை

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. வரிசையாகப் பார்க்கலாம்.

மரத்துக்கு என்ன வயது? விதையில் முளைத்த கன்று என்றால் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கத்தான் வேண்டும்.

வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவில் மூன்றடிச் சந்தில் வைத்த மரம் வெளிச்சத்தைத் தேடி ஒட்டகச்சிவிங்கி போல் மேலே போகும், உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும். ஒரு நாளைக்குப் பாதி நேரமாவது வெயில் வேண்டும். காலை வெயில் கிடைக்கிற கிழக்கு வாசல் இதற்கு மிகவும் தோது.

எப்போது வெட்டினீர்கள்? நான் பார்த்த வரையில் இதுதான் பெரிய காரணம். பவளமல்லி அந்த வருஷத்துப் புதுக் கிளையின் நுனியில் பூப்பது. ஆடிக் காற்று தொடங்கியதும், கிளை ஆடி ஜன்னலில் அடிக்கிறது, கரண்டுக் கம்பியில் உரசுகிறது என்று ஆள் விட்டு மொட்டையாகக் கழித்துவிடுகிறோம். வைகாசியிலிருந்து வளர்ந்து, ஆவணியில் பூக்கக் காத்திருந்த நுனிகள் அத்தனையும் அந்த ஒரே நாளில் அரிவாளில் போய்விடும். கவாத்துக்கு ஏற்ற காலம் பூ ஓய்ந்த பிறகு, அதாவது தை, மாசி. அப்போது மூன்றில் ஒரு பங்கு வெட்டினாலும் பரவாயில்லை, வைகாசிக்குள் தழைத்துவிடும். ஆடியில் கட்டாயம் வெட்டியாக வேண்டும் என்றால் இடைஞ்சல் தருகிற கிளையை மட்டும் எடுங்கள். வெட்டுவாய் சாய்வாக இருக்கட்டும், மழைத் தண்ணீர் நிற்காது.

என்ன உரம் போடுகிறீர்கள்? வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடி மரத்துக்கும் போடுகிற பழக்கம் கிராமத்து வீடுகளில் இருக்கிறது. இலை கறுகறுவென்று செழித்து வரும், பூ வராது. யூரியாவை நிறுத்துங்கள். ஆனி மாதம் தொழுவுரத்தோடு ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து போடுங்கள். மரச்சாம்பல் வேண்டாம், சுண்ணாம்பு மண்ணில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

காலையில் பூ அத்தனையும் தரையில் கிடக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. அது நோயில்லை, அப்படித்தான் பூக்கும். மொட்டாகவே உதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று சமவெளிக்கு வரும்போது ஈரமில்லாமல் வரண்டு வரும். தென்காசியில் சாரல் அடிக்கிற அதே நாளில் வள்ளியூரில் புழுதி பறக்கும். ஆவணி, புரட்டாசியில் மொட்டு வைக்கிற மரத்துக்கு அந்தக் காற்றில் தண்ணீர் பத்தாது. அந்த இரண்டு மாதமும் மண் காய விடாமல், வாரத்துக்கு இரண்டு தடவை நன்றாக நனையும்படி ஊற்றுங்கள்.

கம்பளிப்பூச்சி

மழை தொடங்கியதும் வரும். இரவில் ஏறி இலையைத் தின்னும், பகலில் இறங்கி அடித்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். பட்டை நிறத்திலேயே இருப்பதால் சட்டென்று தெரியாது. தண்டில் ஒரு இடம் மட்டும் ரோமம் முளைத்தது மாதிரி, லேசாக அசைவது போல் இருந்தால் அதுதான். இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகி இருந்தாலும், மரத்தடித் தளத்தில் கறுப்பு மிளகு போல் எச்சம் சிதறிக் கிடந்தாலும், மேலே பார்க்காமல் தண்டைப் பாருங்கள்.

மரத்தையே வெட்டிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுவது இந்தப் பூச்சியால்தான். அவசரப்பட வேண்டாம். பகலில் கூட்டமாக இருப்பது நமக்குச் சாதகம். முழுக்கை சட்டை, கையுறை, முகத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு, ஒரு அகலமான வாளியில் சோப்புத் தண்ணீரைத் தண்டோடு சேர்த்துப் பிடித்து, பழைய வாரியலால் மேலிருந்து கீழாக வழித்துத் தள்ளுங்கள். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள், ரோமம் பறந்து கண்ணில் படும். முருங்கைக்குச் செய்வது போல் தீப்பந்தம் காட்டுவது எங்கள் பக்கத்துப் பழைய பழக்கம். பவளமல்லியின் பட்டை மெல்லிசு, வெந்துபோகும். வீட்டை ஒட்டி நிற்கிற மரத்துக்கு நெருப்பு வேண்டவே வேண்டாம்.

இலையின் அடியில் முட்டைக் குவியலோ, பொரித்த குஞ்சுப் புழுக்களோ கண்ணில் பட்டால் அந்த இலையையே பறித்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். சின்னப் புழுவாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற உயிரி மருந்து நன்றாக வேலை செய்யும். வளர்ந்த பிறகு அதை அடித்துப் பெரிய பலன் இல்லை. தரையில் சருகைக் குவித்து வைக்காதீர்கள், கூட்டுப்புழுவுக்கு அது மறைவிடம்.

பூச்சியின் ரோமம் உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதில் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும், மூச்சு இளைத்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். குழந்தைகள் காலையில் பூப்பொறுக்க ஓடும் வீடென்றால் மழை மாதங்களில் தினமும் தண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வெள்ளை மாவு, எறும்பு வரிசை

கிளை நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி. குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி போகும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயந்திரத் தெளிப்பு. எறும்பு ஏறும் வரை பூச்சி திரும்பத் திரும்ப வரும். தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவக் கூடாது.

நன்றாக இருந்த மரம் திடீரென்று வாடுகிறது

மூன்று இடம் பார்க்க வேண்டும். தூரில் மண்பூச்சு போல் ஏறியிருந்தால் கரையான். பூச்சைத் தட்டிவிட்டு உள்ளே பட்டை உறுதியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். செத்த பட்டையை மட்டும் தின்றிருந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. பக்கத்தில் புதைந்து கிடக்கும் மரத்துண்டு, சென்ட்ரிங் பலகைச் சிராய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, வேப்பம்பிண்ணாக்கைக் கொத்தி விடுங்கள். அடுத்து, கிளை பிரியும் கவட்டையில் மரத்தூளும் நூலாம்படையும் பிணைந்து வடம் போல் ஓடினால் பட்டைதின்னிப் புழு. அதைத் துடைத்தால் ஒரு ஓட்டை தெரியும். சைக்கிள் போக்குக் கம்பியை விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். இரண்டும் இல்லை, மண்ணில் வாடை அடிக்கிறது, வேரை இழுத்தால் தோல் கையோடு உரிந்து வருகிறது என்றால் வேரழுகல். கறுத்த வேரை வெட்டி எடுத்து, டிரைக்கோடெர்மா விரிடி என்கிற உயிரிப் பூஞ்சை மருந்தைத் தொழுவுரத்தில் கலந்து போட்டு, வடிகாலைச் சரிசெய்து பார்க்கலாம். தண்டின் அடியில் சுற்றிலும் பட்டை பழுப்பாகிவிட்டிருந்தால் பிழைக்காது. அதே குழியில் உடனே இன்னொரு பவளமல்லியை வைக்காதீர்கள்.

காற்றில் சாய்ந்துவிட்டது

நட்டு இரண்டு வருஷத்துக்குள் இருக்கிற மரம் என்றால் நிமிர்த்திவிடலாம். மண்ணை நன்றாக நனைத்து, மெதுவாக நிமிர்த்தி, காற்று வரும் மேற்குப் பக்கம் இரண்டு கம்பு ஊன்றி, கயிற்றை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் ஆறு மாதத்தில் கயிறு பட்டைக்குள் புதைந்துவிடும்.

புதிதாக வாங்குவதாக இருந்தால்

நர்சரியில் ஆள் உயரக் கன்றைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நான் இரண்டடிக் கன்றுக்குத்தான் கை நீட்டுவேன். சின்னப் பையில் ஆள் உயரம் வளர்ந்திருந்தால் உள்ளே வேர் சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள், தடித்த வேர் வெளியே வந்திருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். "அண்ணாச்சி, இது விதைக் கன்னா, பதியமா?" என்று கேளுங்கள். பதியம், அதாவது தாய்மரத்துக் கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்த கன்று, சீக்கிரம் பூக்கும். விதைக் கன்று தாமதம், ஆனால் ஆழமாக வேர் விட்டுக் காற்றைத் தாங்கும். இலையைத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரவென்று இருப்பது இந்த மரத்துக்குச் சரியான லட்சணம், அதைப் பார்த்து நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சுவரிலிருந்து ஆறடி தள்ளி, துணி உலர்த்தும் கொடி மரத்துக்குக் கீழே வராதபடி இடம் பாருங்கள். பூவின் ஆரஞ்சுக் காம்பு பட்டுக்குச் சாயம் ஏற்றப் பயன்பட்டது, ஈர வேட்டியில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடலை ஒட்டிய உப்புக்காற்று வீடு என்றால் பவளமல்லியோடு மல்லுக்கட்டாமல் பன்னீர்ப்பூ மரம் வையுங்கள். திருச்செந்தூரில் விபூதி மடித்துக் கொடுக்கிற பன்னீர் இலை அதுதான், கடற்கரை மணலில் நன்றாக வரும், வெள்ளைப் பூவும் இரவில் மணக்கும்.

இரண்டடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, காரை இல்லாமல் சலித்து, செம்மண், ஆற்றுமணல், தொழுவுரம் மூன்றும் கலந்து நிரப்புங்கள். கரிசல் என்றால் குழியை நிரப்பி மேலே ஒரு அடி மேடாக்கி, மேட்டில் நடுங்கள். சமவெளியில் புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்கு மழையிலேயே வேர் பிடித்துவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனிச் சாரலிலேயே வைக்கலாம். முதல் கோடையில் மட்டும் வாரத்துக்கு மூன்று தடவை தண்ணீர் வேண்டும், அதையும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.